நாகசுரமும் ஒலிபெருக்கியும்

திறந்த வெளியில் சுவாமி புறப்பாட்டுக்கென்றே அமைந்த பெருவாத்தியம் நாகசுரம். அதற்கு ஒலிபெருக்கி எதற்கு என மாணவர் வினவுதல் நியாயமே. அட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் லயங்கள் மலைக்கு மலை சிதறிக் கிடக்கின்றன. கோயிலுக்கு ஏறிவர இயலாத முதியோர் லயத்து வாசலில் இருந்தே மேளம் கேட்பது அக்கருவியினாலன்றோ!

நாதம் அணைசின் வழியே மட்டும் வெளிவருகிறதென்பது பலர் எண்ணம். அஃது அவ்வாறன்று. விரல் எடுக்குந்தோறும் திறந்த துளைகளின் வழியாகவும் நாதம் பிரிகின்றது. ஆதலின் ஒலிவாங்கியை அணைசின் வாயிலேயே கட்டினால், சில சுரம் இடியாகவும் சில சுரம் முனகலாகவும் கேட்கும். இரண்டு மூன்று அடி தள்ளி, குழலின் நடுப்பகுதியை நோக்கி வைத்தலே முறை. ஒலிபெருக்கியின் வாய் ஒலிவாங்கியை நோக்கினால் ஊளைச் சத்தம் எழும்.

இப்பொழுது எதிரொலி சேர்க்கும் மின்னணுக் கருவியையும் விழாக்களில் பூட்டுகின்றனர். இம்மலைகளில் அது வேண்டாத வேலை. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். எதிர்மலை 170 மீற்றர் தொலைவில் நின்றால், ஒரு விநாடியில் நாதம் தானே திரும்பிவிடும். அதன்மேல் கருவியும் ஒன்றைச் சேர்த்தால் கமகங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும்.

சுருதி தாழ்ந்த நீண்ட பாரி நாகசுரத்துக்கு ஏற்றம் தந்த திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியால் புகழ்பெற்றவர். அவ்விராகத்தின் காந்தாரம் அசைந்தே ஒலிப்பது. அவ்வசைவு தெளியாவிடின் தோடி ஏது?

தவிலுக்குத் தனி ஒலிவாங்கி கேட்பாரும் உளர். நாகசுரத்துக்கு வைத்ததே அதையும் தாராளமாக வாங்கிக்கொள்ளும்.