நீர் இறைப்பதில் வேலையும் ஆற்றலும்



"மோட்டார் ஓடுது, ஆனா கடைமடைக்குத் தண்ணி பத்தலே" என்று பல ஊர்களிலும் சொல்லக் கேட்கிறோம். கரண்டு எங்கேதான் போகிறது? இன்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விசை கொடுத்து ஒரு பொருளை நகர்த்தினால் அது வேலை. அந்த வேலையைச் செய்யத் தேவைப்படுவது ஆற்றல். கவலை ஏற்றத்தில் இதை மாடுகள் தந்தன. மாட்டின் எடையும் சேர்ந்து சாலை இழுக்கட்டும் என்றுதான் மாடு நடக்கும் தடத்தைச் சரிவாக அமைத்தார்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. அதை ஒரு மீட்டர் தூக்க ஏறத்தாழ 10 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். இதன்படி 10 மீட்டர் ஆழத்திலிருந்து 36,000 லிட்டர் இறைக்கலாம். நீர்மட்டம் 20 மீட்டருக்கு இறங்கிவிட்டால் 18,000 லிட்டர்தான். நடைமுறையில் இதிலும் பாதி கிடைத்தால் நல்ல பம்புசெட்டு. மீதி ஆற்றல் அழிந்துவிடுவதில்லை. பெரும்பாலும் மோட்டாரிலும் பம்பிலும் குழாயிலும் சூடாக மாறி வீணாகிறது.

ஓர் ஏக்கருக்கு 2 அங்குலம் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். 20 மீட்டர் கிணற்றில், 5 எச்.பி. நல்ல செட்டுக்கு இது சுமார் 5 மணி நேர வேலை. சேதாரம் கூடி, கால் பங்கு ஆற்றலே பயன்பட்டால் 10 மணி நேரம் ஆகும். அதற்குள் கரண்டு நின்றால் கடைசிப் பாத்தி காய வேண்டியதுதான். மின்சாரம் இலவசம் என்றாலும் நஷ்டம் நமக்குத்தான். டீசல் எஞ்சின்காரருக்கோ கைக்காசே போகும்.

சேதாரத்தைக் குறைக்கும் வழிகள்:

1. தண்ணீர் கொட்டும் குழாயைத் தொட்டிக்கு மேலே உயர்த்தி வைக்காதீர்கள். அருவி போல விழுவது பார்க்க அழகுதான். ஆனால் 10 மீட்டர் கிணற்றில் ஒரு மீட்டர் அதிகம் தூக்கினால், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வீண் வேலை.

2. இரண்டரை அங்குலக் குழாயை 3 அங்குலமாக மாற்றினால், அதே அளவு தண்ணீருக்குக் குழாயின் உராய்வுச் சேதாரம் பாதிக்கும் கீழே இறங்கும்.

3. திடீரென மடங்கும் எல்போக்களுக்குப் பதில் நீண்ட வளைவுள்ள பெண்டுகளைப் போடுங்கள். ஃபுட் வால்வு சல்லடையில் பாசி அடைக்காமல் பாருங்கள்.

உங்கள் செட்டை நீங்களே சோதிக்கலாம். 200 லிட்டர் பீப்பாய் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறதென்று பாருங்கள். மேற்சொன்ன கிணற்றில் 18 முதல் 20 விநாடி என்றால் நல்ல நிலை. 30-ஐத் தாண்டினால் உடனே கவனியுங்கள்.