'ஃபோர்வெர்ட்ஸ்': ஒரு யித்திஷ் சோசலிச இதழும் அதன் மொழியும்

யித்திஷ் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி. ஜெர்மானிய அடித்தளத்தின்மீது எபிரேய, அரமேய, சிலாவியக் கூறுகள் கலந்து உருவான இம்மொழி எபிரேய எழுத்தில் எழுதப்படுகிறது. 1881க்கும் 1924க்கும் இடையில் ஏறத்தாழ 20 இலட்சம் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அமெரிக்காவில் குடியேறினர். அவர்களுள் பலர் நியூயார்க்கின் தையற்கூடங்களில் தொழிலாளராயினர். இவர்களை நோக்கி 1897 ஏப்ரல் 22ஆம் நாள் 'ஃபோர்வெர்ட்ஸ்' நாளிதழ் தொடங்கப்பட்டது. சோசலிசத் தொழிற்கட்சியின் தலைமையோடு மாறுபட்டுப் பிரிந்த குழுவினரே இதனை நிறுவினர். 1901இல் உருவான அமெரிக்க சோசலிசக் கட்சிக்கு இவ்விதழ் ஆதரவளித்தது.

இதழின் பெயரே ஒரு மொழிச்சான்று. ஜெர்மானிய சமூக ஜனநாயகக் கட்சி ஏட்டின் பெயரைப் பின்பற்றி அது அமைந்தது. 'முன்னோக்கி' என்னும் பொருளுக்கு யித்திஷில் 'ஃபோரோய்ஸ்' என்ற சொல் உண்டு. எனினும் ஜெர்மன் வடிவங்களே உயர்வழக்காக மதிக்கப்பட்ட காலம் அது. இப்போக்கினைப் பிற்கால அறிஞர் 'தாய்ச்மெரிஷ்' எனக் கண்டித்தனர்.

1903 முதல் ஆசிரியப் பொறுப்பை முழுமையாக ஏற்ற ஏபிரகாம் காஹான் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் இதழை நடத்தினார். கட்சிக் கோட்பாட்டைக் கடினநடையில் போதிப்பதை விடுத்து, தொழிலாளர் பேசும் எளிய மொழியை அவர் கையாண்டார். 1906இல் தொடங்கிய 'பிந்தல் பிரீஃப்' பகுதி வாசகர் மடல்களுக்கு அறிவுரை வழங்கியது. வாசகர் பேச்சில் புகுந்துவிட்ட 'ஷாப்', 'பாஸ்' போன்ற ஆங்கிலச் சொற்களும் ஏட்டில் இடம்பெற்றன. மொழித்தூய்மை நாடியோர் இதனைக் குறைகூறினர், வாசகரோ பெருகினர். 1920களில் விற்பனை 2 இலட்சம் படிகளைத் தாண்டியது.

இக்கலப்பு மொழிபெயர்ப்பாளருக்குத் தனிச்சிக்கலைத் தருகிறது. இவ்வெழுத்துகளை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது, மூலத்தில் கடன்சொல்லாக நின்றது இயல்சொல்லாகிவிடுகிறது; குடியேறியவரின் பேச்சு என்னும் அடையாளம் மறைகிறது. தமிழ் போன்ற மூன்றாம் மொழியில் பெயர்ப்போருக்கு அக்கடன்சொற்களை அவ்வாறே நிறுத்திக்காட்ட வாய்ப்புண்டு. அதற்கு மூலத்திலிருந்து நேரே பெயர்த்தல் இன்றியமையாதது. ஆங்கில வழிப் பெயர்ப்பில் அவ்வேறுபாடு முன்னரே அழிந்துவிடுகிறது.

அமெரிக்க வாழ்வுக்கு வாசகரைப் பழக்குவதும் இதழின் நோக்கங்களுள் ஒன்று. அந்நோக்கம் நிறைவேறியபோது வாசகரின் பிள்ளைகள் ஆங்கிலத்திற்கு மாறினர். 1924ஆம் ஆண்டுச் சட்டம் புதிய குடியேற்றத்தைக் கடுமையாகக் குறைத்தது. நாசிகளின் இனப்படுகொலை, கிழக்கு ஐரோப்பாவில் யித்திஷ் பேசிய மக்களுள் பெரும்பாலோரை அழித்தது. 1983இல் நாளிதழ் வார இதழாயிற்று. 1990இல் ஆங்கில வார இதழ் தனியே தோன்றியது. 2019இல் இரு மொழிகளிலும் அச்சுப் பதிப்பு நின்று, இணையப் பதிப்பு மட்டும் தொடர்ந்தது. இன்று யித்திஷை அன்றாடம் பேசுவோருள் பெரும்பாலோர் ஹசிதியச் சமயப்பிரிவினர். மொழி அவர்களிடையே வளர்கிறது. சமயச்சார்பற்ற தொழிலாளருக்கென அவ்விதழ் உருவாக்கிய உரைநடைக்கோ அத்தகைய வாசகர் திரள் இன்றில்லை. ஒரு மொழி வாழ்வதும் அதன் ஒரு வழக்கு வாழ்வதும் வேறுவேறு என்பதற்கு இவ்விதழின் வரலாறு சான்றாகும்.