பிறர் சமைத்த பீடம்

காணிப்பாக்கத்துத் திருக்குளத்தில் மூழ்கியெழுந்து, இனி மதுவைத் தொடேனென்று விநாயகர் சந்நிதியில் பிரமாணம் செய்வோரின் திடசித்தத்தை நான் எளிதென்று எண்ணுவதில்லை. ஆயினும் தீயதைத் துறப்பதினும் அரிது, பிறர் அன்புடன் அளித்த மேன்மையைத் துறப்பது. பின்னாளில் சித்தூர் ஜில்லாவில் சேர்ந்த மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியை, 1909-இல் அடையாற்றுக் கடற்கரையில் பிரம்மஞான சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் கண்டெடுக்க, அன்னி பெசன்ட் அம்மையார் புத்திரவாஞ்சையோடு வளர்த்து, வருங்கால ஜகத்குருவென்று உலகறியச் செய்து, 1911-இல் அவர் தலைமையில் ஒரு சங்கமும் நிறுவினார். பிள்ளைக்கு உத்தியோகத்தை நிச்சயிக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. இங்கே நிச்சயிக்கப்பட்டதோ அவதாரம்! அச்சங்கத்தை, 1929 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, ஹாலந்து தேசத்து ஓம்மனில், அம்மையாரும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட அடியார்களும் கேட்டிருக்க, சத்தியத்தை எந்த ஸ்தாபனமும் அடைவிக்காதென்று கூறி அவரே கலைத்தார். கொடையாக வந்த ஈர்டே மாளிகையும் கொடுத்தவரிடமே திரும்பிற்று.