நல்ல மனது மட்டும் போதுமா? போதைத் தடுப்புப் பணியும் சான்றிதழும்

ஜூன் 26. ஐக்கிய நாடுகள் அவை 1987-ஆம் ஆண்டில் குறித்த போதைப்பொருள் எதிர்ப்பு நாள். அன்று நம் பங்குகளில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். மண்டை ஓடு வரைந்த பதாகைகளோடு பிள்ளைகள் ஊர்வலம் வருவார்கள். காவல்துறை அதிகாரி ஒருவர் பேசுவார். குடியிலிருந்து மீண்ட சகோதரர் ஒருவர் கண்ணீரோடு தம் கதையைச் சொல்வார். பிறகு உறுதிமொழி, தேநீர்.

நல்ல மனதோடுதான் இதைச் செய்கிறோம். ஆனால் ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகம் 2013-இல் வெளியிட்டு, 2018-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தோடு சேர்ந்து புதுப்பித்த தடுப்பு நெறிகளைப் படித்தபோது எங்களுக்குச் சற்றுச் சங்கடமாகவே இருந்தது. வெறும் சொற்பொழிவு, பயமுறுத்தும் தகவல், ஒழுக்க போதனையோடு நின்றுவிடுவது, மீண்டவர்களைப் பள்ளி மாணவர் முன் சாட்சி சொல்ல வைப்பது ஆகியவை பலன் தராத, சில வேளை எதிர்விளைவு தரும் முறைகளின் வரிசையில் இடம்பெற்றுள்ளன. 'இவர் இத்தனை ஆண்டு குடித்தும் இன்று மேடையில் மாலையோடு நிற்கிறாரே' என்றும் ஒரு சிறுவன் கணக்குப் போடலாம் அல்லவா? (மீண்டவர்களின் சாட்சியம் குடிநோயாளிகளின் குழுக்களில் விலைமதிப்பற்றது. அது வேறு இடம், வேறு தேவை.) பயிற்சி பெற்றவர் பல வாரங்கள் தொடர்ந்து மாணவரோடு உரையாடி, 'வேண்டாம்' என்று நண்பனிடம் சொல்லப் பழக்குவதும், பெற்றோருக்குப் பிள்ளை வளர்ப்பில் பயிற்சி தருவதுமே பலன் தருகின்றன.

ஆகவேதான் இப்பணிக்குத் தனிச் சான்றிதழ் தேவைப்படுகிறது. அமெரிக்காவில் 1981-இல் தொடங்கிய ஐ.சி. அண்டு ஆர்.சி. என்ற கூட்டமைப்பு தடுப்புப் பணியாளருக்கான சான்றிதழின் குறைந்தபட்ச அளவுகளை வகுத்துள்ளது. சான்றிதழை வழங்குவது அந்தந்த மாநில வாரியம். இதைவிடக் கூடுதலாகவும் அது கேட்கலாம்.

2000 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். முழு நேரப் பணி என்றால் ஏறக்குறைய ஓராண்டு. 120 மணி நேரப் பாடம். அதில் 24 மணி நேரம் மது, புகையிலை, போதைப்பொருள் பற்றியும் 6 மணி நேரம் பணி நெறிமுறை பற்றியும் இருக்க வேண்டும். இன்னும் 120 மணி நேரம் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பணி. திட்டமிடல், கற்பித்தல், தொடர்பு, சமூகத்தை ஒருங்கிணைத்தல், பொதுக்கொள்கை, பணியாளரின் சொந்த வளர்ச்சி என ஆறு பிரிவுகளிலும் பத்து மணி நேரமாவது இருந்தாக வேண்டும். அதாவது பேச்சுத்திறன் மட்டும் உள்ளவர் இதில் தேற முடியாது. இவற்றோடு எழுத்துத் தேர்வும் உண்டு.

திட்டமிடலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டாரா என்று ஆண்டவர் கேட்டாரே (லூக்கா 14), அதேதான். இந்த ஊரில் எந்தப் பொருள், எந்த வயதில், எந்தக் கடையிலிருந்து கிடைக்கிறது என்று அறியாமல் தொடங்கும் நிகழ்ச்சி யாருக்காக?

நெறிமுறைப் பாடத்தில் எங்களுக்குப் பெரிதாகத் தோன்றுவது ஒன்று: தன் எல்லையை அறிவது. வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் வந்து, 'எனக்கே இந்தப் பழக்கம் இருக்கிறது' என்று அழுதால், தடுப்புப் பணியாளர் அவனுக்குச் சிகிச்சை அளிக்கத் தொடங்கக்கூடாது. கனிவோடு கேட்டு, தகுதியுள்ள ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ சேர்க்க வேண்டும். மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும்.

சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் முடிந்தது என்று எண்ண வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் 40 மணி நேரத் தொடர்கல்வி முடித்திருக்க வேண்டும். இது வீண் சடங்கல்ல. 2005-இல் படித்தவருக்கு மின்சிகரெட் பற்றி என்ன தெரிந்திருக்கும்? இந்தியா 2019-இல் அதைச் சட்டத்தால் தடை செய்தது. அபின் வகைப் பொருள்களை அளவுக்கு மீறி எடுத்து மூச்சுத் திணறுபவரைக் காக்கும் நலாக்சோன் மூக்குத்தெளிப்பான் மருந்துச்சீட்டு இல்லாமலே விற்கப்பட 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மணமகனுக்காகக் காத்திருந்த கன்னியர் பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. எண்ணெய்தான் ஐவரிடம் குறைந்தது.

நம் பகுதியில் உள்ளவர்கள் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட கொழும்புத் திட்டம் 1973 முதல் போதைப்பொருள் ஆலோசனைத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. தடுப்புப் பணிக்கான பாடத்திட்டம், பயிற்சி, சான்றளிப்பு ஆகியவை அதன் வழியாகவும் கிடைக்கின்றன.

திருச்சபையும் இதைப் பக்தி முயற்சியாக மட்டும் பார்க்கவில்லை. நலவாழ்வுப் பணிக்கான திருப்பீட அவை 2001-இல் போதைப்பொருள் குறித்து மேய்ப்புப்பணிக் கையேடு ஒன்றையே வெளியிட்டது.

இப்பணிக்கு வர விரும்பும் இளையோர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்கலாம். எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன பணி, யார் மேற்பார்வை என்று அன்றன்றே எழுதி, மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள். மூன்று ஆண்டு கழித்து அவரைத் தேடி அலைந்தால், அவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருப்பார்.