சிறிது தூரம் ஓடி நின்ற பிறகு

"மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை." சேலம், நாமக்கல் பக்கம் பூட்டை உடைத்துத் திருட்டு என்றால் மறுநாள் பேப்பரில் இந்த வரி கட்டாயம் இருக்கும். படிக்கிற நாம் 'அட, தோத்துப் போச்சே' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். தோற்கவே இல்லைங்க! அது நின்ற இடம்தான் துப்பு. அங்கே வாசனை அறுந்துபோகிறது என்றால், திருடன் அங்கே வண்டி ஏறியிருக்கலாம். எதிர்க் கடை கேமராவில் எந்த பைக், எந்த லாரி என்று போலீசார் தேட ஆரம்பிப்பதே அதற்கப்புறம்தான். 1951-ல் சென்னையில் போலீஸ் நாய்ப் படை தொடங்கிய காலத்தில் கேமராவுக்கு எங்கே போவது? அப்போது மூக்கு மட்டும்தான்!

ஒரு வேண்டுகோள்: திருட்டு நடந்த வீட்டுக்குள் தெருவே திரண்டு போகாதீர்கள். நம் கால் வாசனையெல்லாம் சேர்ந்து தடத்தை மூடிவிடும்.

சுதந்திர தினத்துக்கு முந்தைய நாட்களில் சேலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள். வெடிகுண்டு தேடும் லாப்ரடார் ஒன்று பைகளை ஒட்டியே நடந்து வரும். அதன் வாயைக் கவனியுங்கள், மூடியிருக்கும்! நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும்போது மோப்பம் சரியாக எடுபடாது. சேலத்து வெயிலில் இது எவ்வளவு பெரிய பாடு! வாயை மூடிவிட்டால் மூக்கு நொடிக்கு 5 தடவை வரை இழுக்கும். வெளிவிடும் மூச்சு மூக்கோரப் பிளவு வழியாகப் பக்கவாட்டில் போய்விடுவதால், முன்னால் இருக்கும் வாசனை கலையாது. என்ன ஒரு ஏற்பாடு!

தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் வந்தால் தேடுவது கஞ்சாவை. அதற்குப் பழக்கிய நாய் வேறு. வெடிகுண்டு நாய் குரைக்காது, பிராண்டாது. கண்டுபிடித்ததும் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். தொட்டால் ஆபத்து என்பதால் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். வெடிமருந்து என்றால் என்னவென்று அதற்குத் தெரியுமா? இந்த வாசனை வந்தால் பந்து கிடைக்கும், அவ்வளவுதான் தெரியும்!

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். நாள் முழுக்கத் தேடி ஒன்றுமே அகப்படாவிட்டால் நாய் சோர்ந்துவிடும். அதற்காகவே பயிற்சியாளர் மாதிரிப் பொட்டலம் ஒன்றை ஒரு மூலையில் ஒளித்துவைப்பார். மோந்துகொண்டே வந்து, சட்டென்று நின்று, உட்காரும். "அப்படித்தான் கண்ணு!" வால் தரையைப் பெருக்க, கண் மட்டும் அவர் பேண்ட் பாக்கெட்டை விட்டு அசையாது. பந்து அங்கேதானே இருக்கிறது!