தூக்குவாளியில் கூழ் இருக்கு, குடிக்க நேரம்?

சித்திரை பிறந்ததுமே எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்ற பட்டியல்கள் கிளம்பிவிடும். விருதுநகர் மாவட்டத்துக்கு அவற்றால் பெரிய பிரயோசனம் இல்லை. கம்பும் குதிரைவாலியும் விளைகிற கரிசல் இது. வெள்ளரிப் பிஞ்சுக்குச் சாத்தூர் பேர்போனது. மோர் ஊற்றிக் கரைத்த கம்மங்கூழும் கடிக்கச் சின்ன வெங்காயமும் வெயிலுக்கு ஏற்றவை என்று இங்கே யாருக்கும் டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தும் அது ஏன் வேளைக்கு வயிற்றுக்குள் போவதில்லை? சிவகாசி வட்டாரத்தில் கோடைச் சாப்பாட்டைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கூலிக் கணக்குதான்.

ஃபயர் ஆபீஸ் என்று இங்கே சொல்லும் பட்டாசு ஆலை வேலையைப் பாருங்கள். காலையில் ஊருக்குள் வேன் வருவதற்குள் சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, தூக்குவாளியை நிரப்பிக்கொண்டு ஓடுகிற பெண்ணுக்குக் காலைச் சாப்பாடு பல நாள் ஒரு டீயோடு முடிந்துவிடும். வேலை பீஸ் ரேட். எழுந்து போன நேரத்துக்குக் கூலி கிடையாது. தீப்பொறிக்குப் பயந்து, மருந்து புழங்கும் அறையில் மின்விசிறி வைப்பதில்லை. மருந்து செலுத்தும் கையில் அலுமினியத் தூள் நகக்கண் வரை ஏறி வெள்ளியாக மின்னும்; சோப்புப் போட்டுத் தேய்க்காமல் ஒரு வாய் வைக்க முடியாது. ஆக, ஒரு செம்பு கூழின் விலை, எழுந்து போய்த் திரும்பி உட்காரும்வரை செருகாமல் விட்ட திரிகள். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்கு எழ வேண்டும் என்பதால் அதையும் குறைத்துக்கொள்வார்கள். இதேபோல் வெப்பத்தில் வேலை செய்யும் தமிழக உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்த ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர், வெப்ப அழுத்தத்தோடு சிறுநீரகச் செயல்பாடு குறைவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. டீயோ, சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைப்பது.

சாயங்காலம் காராச்சேவும் எண்ணெய் பரோட்டாவும் தின்ன மட்டும் காசும் நேரமும் இருக்கிறதா என்று கேட்பார்கள். பகலெல்லாம் காய்ந்த வயிறு, வெயில் தாழ்ந்ததும் மொத்தமாக வசூல் செய்துகொள்கிறது. இதில் பரோட்டாவை வில்லனாக்க என்ன இருக்கிறது? பகல் பசி தணிந்திருந்தால் அது எப்போதாவது சாப்பிடும் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகும். பழைய காலக் கூழுக்குத் திரும்புங்கள் என்ற உபதேசம் இன்னும் மோசம். கம்பை இடித்து, புடைத்து, காய்ச்சிப் புளிக்கவைக்கப்போவது யார்? வேனுக்கு ஓடும் அதே பெண்தான். குறைந்த லாபத்தில் ஓடும் சிறு ஆலைக்காரர் இடைவேளைக்குக் கூலி கொடுத்துக் கட்டுபடியாகுமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் உராய்வே விபத்தாகும் தொழிலில், கண் இருட்டி வேலை செய்யும் ஒரு ஜோடிக் கை அவருக்கும் லாபமில்லை.

சட்டம் இந்தப் பசி தாகத்தை அறியாததல்ல. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். கேன்டீனுக்கும் அதே வரம்பு. 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கேன்டீன் வரம்பை 100 ஆக்கியது. மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) தரும் லைசென்ஸில் ஓடும் சின்ன ஆலைகள் அதற்கும் கீழே நிற்கின்றன. வெயிலுக்கு இந்தத் தலைக்கணக்கு தெரியுமா? 2024இல் தமிழக அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது.

விருதுநகரில் பிறந்த காமராஜர் 1956இல் மதிய உணவுத் திட்டம் கொண்டுவந்தபோது, சத்துணவு பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தவில்லை; உட்கார்ந்த இடத்தில் தட்டு வந்தது. 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வருகிறது. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு முற்பகலில் கூலி பிடிக்காத இருபது நிமிடம், ஷெட்டுக்குப் பக்கத்திலேயே சோப்போடு ஒரு குழாய், ஆலைச் செலவில் ஒரு மோர்ப்பானை போதும். அந்த இருபது நிமிடத்துக்கும் திரி செருகியதாகவே கணக்கெழுத வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை மட்டும் என்று ஆரம்பித்தாலும் பாதகமில்லை.