பீச்சில் போட்டோ எடுக்கிறீர்களா? அலைக்கு முதுகு காட்டாதீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை, காணும் பொங்கல் என்றால் திருவான்மியூர் கடற்கரையில் கூட்டம் அலைமோதும். கைக்குக் கை செல்போன். வளைத்து வளைத்து போட்டோ. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கடல் பளிச்சென்று இருக்கிறது. அம்மா முகம் மட்டும் இருட்டு!

"இந்த செல்போனே சரியில்லே" என்று பழி போடுவார்கள். செல்போன் பாவம், அது என்ன செய்யும்?

வங்கக் கடல் நமக்குக் கிழக்கே இருக்கிறது. காலையில் சூரியனும் அந்தப் பக்கம்தான். கடலைப் பின்னால் வைத்து நின்றால் வெயில் முதுகில் விழும். முகம் கருத்துப் போகும்.

பின்னால் போனால் ஆபத்து

காலையில் முகம் தெரிய வேண்டுமானால் நிற்பவர் கடலைப் பார்க்கவேண்டும். எடுப்பவர் கடல் பக்கம் போகவேண்டும். வம்பு இங்கேதான் தொடங்குகிறது. "இன்னும் கொஞ்சம் பின்னாலே போங்க" என்று குடும்பமே கத்தும். அவரும் செல்போனைப் பார்த்தபடியே தண்ணீரில் இறங்குவார். திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்தவரே தடுமாறி விழுவார்.

பக்கத்தில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னம் நிற்கிறது. 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க்காரருக்காகக் கட்டியது. அதன் முன்னால் நின்று சிரித்தபடி போட்டோ எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

மாலை 4 மணிக்கு வாங்க

மாலையில் எல்லாம் தலைகீழ். சூரியன் ஊர்ப் பக்கம் வந்துவிடும். நிற்பவர் முகத்தில் வெளிச்சம், பின்னால் நீலக் கடல். எடுப்பவர் கரைப் பக்கம் இருப்பதால் வருகிற அலை அவர் கண்ணில் படும். ஆளை ஈர மணலில் நிறுத்த வேண்டாம். காய்ந்த மணலில் நின்றாலும் கடல் படத்தில் விழத்தான் செய்யும்.

ஜனவரியில் 6 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கட்டிட நிழல் அதற்கு முன்பே மணலுக்கு வந்துவிடும். 4 மணிக்கே போய்விடுவது நல்லது. உச்சி வெயில் உதவாது. கண் இரண்டும் குழி விழுந்த மாதிரி தெரியும்.

உப்புக் காற்றில் செல்போன் கேமரா கண்ணாடி மங்கிவிடும். சுத்தமான பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுக்கவேண்டும். மணல் ஒட்டிய துணி என்றால் கீறல்தான்.

மருந்தீஸ்வரர் கோவில் கோபுரத்துக்கும் இதே கணக்குதான். கிழக்குக் கோபுரத்துக்குக் காலை, மேற்குக் கோபுரத்துக்கு மாலை. கோபுரத்தின் அடியில் ஆளை நிறுத்தினால் எறும்பு மாதிரி தெரிவார். பக்கத்தில் வரச்சொல்லுங்கள்.

முதல் படம் குழந்தைக்கு

காணும் பொங்கல் அன்று மெரினாவில் குழந்தைகள் கையில் பெற்றோரின் போன் நம்பரை எழுதி போலீசார் கட்டிவிடுவது வழக்கம். திருவான்மியூருக்கு வருபவர்கள் இன்னொரு காரியமும் செய்யலாம். கூட்டத்தில் குழந்தை காணாமல் போனால், "என்ன சட்டை போட்டிருந்தான்?" என்று போலீசார் கேட்பார்கள். பதறிப்போன தாய்க்குச் சட்டையின் நிறமே மறந்து போகும். கடற்கரைக்கு வந்ததும் குழந்தையை நேராக நிறுத்தி, தலை முதல் செருப்பு வரை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொள்ளவேண்டும். அலையும் ஐஸ்கிரீமும் அதற்கு அப்புறம்!